அப்பா இருட்டுறதுக்குள்ள வீடு வரணும்



ஏற்காடு என்றாலே எல்லோரும் ஏரி, படகு, கோடை விழா என்பார்கள். எங்கள் வீட்டில் ஏற்காடு என்றால் காப்பியும் மிளகும்தான். 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பி வந்து 200 வருஷம் ஆச்சு. எங்க ஊருக்கு நல்ல ரோடு இன்னும் வரல.

போன தை மாதம் அப்பாவும் மாமாவும் காய்ந்த காப்பி 3 மூட்டையைத் தலைச்சுமையாக மெயின் ரோடு வரை தூக்கிப் போனார்கள். அங்கிருந்து அப்பா மட்டும் வாடகை ஜீப்பில் போய் விற்றுவிட்டு, கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினார். பிறகு 3 கிலோமீட்டர் நடை. லைட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. பின்னால் 2 பேர் டார்ச் அடித்துக்கொண்டு வந்தார்களாம். அப்பா நின்றால் அவர்களும் நின்றார்களாம். அப்பா காப்பிச் செடிக்குள் அரை மணி நேரம் ஒளிந்திருந்து வீடு வந்தார். பணம் போகல. ஆனா வாசல்லயே உக்காந்திருந்த அம்மா முகத்தை என்னால மறக்க முடியல. அந்தப் பணம் பழம் பறித்தவர்களின் கூலி, அக்காவின் காலேஜ் பீஸ்.

அன்றிலிருந்து அப்பா வீட்டுக்கு வரும் வியாபாரியிடமே கொடுக்கிறார். அவர் ஈரம், கழிவு, வண்டி வாடகை என்று கழித்துக்கொண்டு சொல்வதுதான் விலை. 2024, 2025-இல் உலகம் முழுக்க காப்பி விலை ஏறியதே, அது எங்கள் களம் வரை வந்து சேரவில்லை.

இன்னொரு நஷ்டமும் உண்டு. பறித்த பழத்தை அன்றைக்கே மெஷினில் தோல் உரித்துக் கழுவிக் காயவைத்தால் அது பார்ச்மெண்ட். அதற்கு விலை அதிகம். எங்கள் பாதையில் அன்றைக்கே மெஷினுக்குக் கொண்டுபோக முடியாது, பழம் புளிச்சிரும். அதனால் தோலோடு காயவைத்துச் செர்ரியாகக் குறைந்த விலைக்கு விற்கிறோம். சாண் ஏற முழம் சறுக்குது!

இது நம்ம கதை மட்டுமில்லை. ஆப்பிரிக்காவில் கானா நாட்டில் சாக்லேட்டுக்கான கொக்கோ வாங்கப் பணத்தோடு கிராமத்துக்குப் போகிறவர்களிடம் வழிப்பறி நடந்திருக்கிறது. அந்த நாட்டின் கொக்கோ வாரியமே கொக்கோ விளையும் ஊர்களுக்கு ரோடு போடப் பணம் கொடுத்தது. நம் நாட்டில் 1942 சட்டப்படி காப்பியை எல்லாம் காப்பி வாரியத்திடமே கொடுக்க வேண்டியிருந்தது. 1996-லிருந்து யாருக்கும் விற்கலாம் என்றாகிவிட்டது. யாருக்கும் விற்கலாம், சரி. ஆனா பாதை இல்லாதவங்க யாருக்கு விற்பாங்க?

ரோடு போட்டால் டூரிஸ்ட் வண்டியும் குப்பையும் வரும் என்று சிலர் சொல்கிறார்கள். குப்பையைக் கூட்டிவிடலாம். வழிப்பறியில் போன பணத்தை யார் கொடுப்பார்கள்?

என் கருத்து இதுதான்:

1. கார்த்திகையில் அறுவடை தொடங்கும் முன் ஊர்ப் பாதைகளைச் சரிசெய்ய வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் சேலம் மலைப்பாதையிலேயே மண் சரிந்தது. அப்படியென்றால் மண்பாதை என்ன ஆகும்?

2. வாரம் ஒரு நாள், பகலில், ஊருக்குப் பக்கத்திலேயே எல்லோர் கண்முன்னும் எடைபோட்டு வாங்க வேண்டும்.

3. பணத்தைப் பேங்க் கணக்கில் போட வேண்டும்.

கிராம சபைக் கூட்டத்தில் பெரியவர்கள் இதைக் கேட்க வேண்டும். நாம் வீட்டில் போய் அவர்களுக்கு ஞாபகப்படுத்துவோம். அடுத்த தை மாசமாவது அப்பா இருட்டுறதுக்குள்ள வீடு வரட்டும்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி