இறகணிந்த நாகம் எவருடையது?

பாம்பென்றாற் படையும் நடுங்கும் என்பது பழமொழி. நடுங்கிய மனிதன் வணங்கவும் செய்தான். நயினாதீவில் நாகபூசணி அம்பாளின் சந்நிதியிற் கைகூப்பி நிற்கும் நமக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆதலினாற்போலும், மெக்சிக்கோ நாட்டுப் பழைய கோயில்களில் வாய்திறந்து நிற்கும் கல் நாகங்களின் படங்களைக் காணுந்தோறும் நம்மவருட் பலர், “இவையும் எம் முன்னோர் கொண்டுசென்றவையே” எனப் பெருமிதம் அடைகின்றனர். 1940ஆம் ஆண்டிற் சமன்லால் என்பார் வெளியிட்ட ‘இந்து அமெரிக்கா’ என்னும் ஆங்கில நூல் இத்தகைய எண்ணத்தைப் பரப்பிற்று. மாயர் என்னும் இனப்பெயரை நம் புராணத்து மயனோடு பொருத்திக் காட்டுவோரும் உளர். இப்பெருமிதம் நமக்குத் தகுவதன்று என்பதே எமது துணிபு.

முதற்கண் அந்நாகங்களை உற்றுநோக்குவோம். நம் சிற்பி செதுக்கிய நாகம் படம் விரித்தாடும் நல்லபாம்பு. அமெரிக்கக் கண்டங்களிலோ நல்லபாம்பு இல்லை. அங்குள்ள சிற்பங்கள் பலவற்றில் வாலின் நுனியைக் கவனித்தால் அடுக்கடுக்கான வளையங்கள் தோன்றும். வாலைக் குலுக்கி ஒலியெழுப்பி எச்சரிக்கும் கிலுகிலுப்பைப் பாம்பின் அடையாளம் அது. அவ்வினம் அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே இயற்கையாக எங்கணும் வாழ்வதில்லை. அதன் உடலைப் போர்த்தியுள்ள நீண்ட பச்சை இறகுகளோ, தென் மெக்சிக்கோ, குவாத்தமாலா முதலிய இடங்களின் மலைக்காடுகளில் வாழும் கெத்சல் என்னும் பறவைக்குரியன. அஸ்தெக்கர் பேசிய நாவாத்தல் மொழியிற் கோவாத்தல் என்றாற் பாம்பு. ஆகவே இறகணிந்த அந்நாகதேவன் கெத்சல்கோவாத்தல் எனப் பெயர் பெற்றான். நம் நாட்டுச் சிற்பி கடல்கடந்து சென்றிருப்பின், தான் அறிந்த படநாகத்தையன்றோ முதலிற் செதுக்கியிருப்பான்?

இவ்வழிபாடு ஒருநாளில் வந்திறங்கியதுமன்று. கிறித்துவுக்குப் பல நூற்றாண்டுகளின் முன்னரே லா வெந்தா என்னுமிடத்தில் ஒல்மெக்கர், அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவனைச் சூழ்ந்து வளைந்தெழும் கிலுகிலுப்பைப் பாம்பைக் கல்லிற் பொறித்தனர். கி.பி. 200 அளவில் தெயோத்திவாக்கான் மாநகரில் எழுந்த கோயிலின் சுவர்களில், இறகு மாலையினின்று தலைநீட்டும் நாகங்கள் வரிசை வரிசையாய் அமைந்தன. மாயர் அத்தெய்வத்தைக் குக்குள்கான் என்றனர். சிச்சென் இற்சாவில் அவன் கோயிலுக்கு நாற்புறமும் பக்கத்துக்கு 91 படிகள்; உச்சிப் படியையுஞ் சேர்த்தால் ஆண்டின் நாட்களாகிய 365 வரும். பகலும் இரவும் ஒத்து நிற்கும் மார்ச்சு, செப்டெம்பர் நாட்களின் மாலைப்பொழுதில், வடபுறப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் ஒளியும் நிழலும் முக்கோணங்களாய் நெளிந்து, அடியிலுள்ள பாம்புத் தலையோடு இணைவதை இன்றும் மக்கள் திரண்டு காண்கின்றனர்.

அஸ்தெக்கரின் தலைநகராகிய தெனோச்தித்லானிலிருந்த பெருங்கோயிலோ ஒரு புராணத்தையே கட்டடமாக்கியது. கோவாத்லிக்குவே என்றால் ‘பாம்பாடை உடுத்தவள்’. பாம்பு மலை என்னும் குன்றிற் கோயில் கூட்டிக்கொண்டிருந்த அவ்வன்னை, வானினின்று வீழ்ந்த இறகுப் பந்தினாற் கருவுற்றாள். சினந்த மகள் கொயோல்சாவ்கி, தன் சகோதரர் 400 பேருடன் தாயைக் கொல்ல வந்தாள். அக்கணமே பிறந்த விச்சிலோபொச்லி, தீப்பாம்பைப் படைக்கலமாக ஏந்தித் தமக்கையை வெட்டி மலையடியில் வீழ்த்தினான். பெருங்கோயில் அம்மலையின் வடிவே. படிக்கட்டின் அடியிற் பாம்புத் தலைகள் உள. 1978ஆம் ஆண்டு மின்சாரத் தொழிலாளர் நிலத்தை அகழ்ந்தபோது, அவயவங்கள் துண்டுண்ட கொயோல்சாவ்கியின் வட்டக்கல் அப்படிக்கட்டின் அடியிலேயே கிடைத்தது. கதைக்கும் கல்லுக்கும் இத்தகைய பொருத்தம் அமைத்தவர்கள் பிறர் கற்பித்ததை ஒப்புவித்தவர்கள் ஆவரோ?

அக்கோயில்களின் கொடுமையையும் நாம் மறைத்தல் ஆகாது. தெயோத்திவாக்கானின் நாகக் கோயிலுக்குள்ளும் அதனைச் சூழவும், பலியிடப்பட்டோர் பலர் கைகள் பின்புறங் கட்டப்பட்ட நிலையிற் புதைக்கப்பட்டிருந்தமை அகழ்வாய்விற் புலனாயிற்று. நரபலியை நியாயப்படுத்த எவராலும் இயலாது. ஆயினும் ஒரு மக்களின் குற்றத்தை அவர்களுடையதென ஏற்கும் நாம், அவர்களின் ஆற்றலை மட்டும் பிறருடையதெனக் கூறுதல் நடுநிலையாகுமா?

இத்தெய்வங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதி இருவகை. 1521ஆம் ஆண்டு தெனோச்தித்லான் வீழ்ந்தபின், ஸ்பானியர் கோயில்களை இடித்து அக்கற்களால் தம் நகரை எழுப்பினர். 1790ஆம் ஆண்டு மெக்சிக்கோ நகரின் பெருஞ்சதுக்கத்தைச் செப்பனிட்டபோது, இரண்டரை மீற்றருக்குக் குறையாத உயரமுடைய கோவாத்லிக்குவே சிலை வெளிப்பட்டது. கழுத்தினின்று எழும் இரு பாம்புகள் எதிரெதிர் நோக்கி ஒரே முகமாய் அமைந்த அற்புத உருவம் அது. எவர் கண்ணுக்கும் புலப்படாத அடிப்பாகத்திலுங்கூட நிலத்தெய்வத்தின் உருவைச் செதுக்கியிருந்தனர். சர்வகலாசாலையில் வைக்கப்பட்ட அச்சிலையைச் சுதேச மக்கள் வணங்கத் தலைப்படுவர் என அஞ்சி மீண்டும் புதைத்தனர். 1803இல் அங்கு வந்த அறிஞர் ஹம்போல்ட் காண விரும்பியதால் தோண்டியெடுத்தனர். அவர் கண்டபின் திரும்பவும் மண்ணுள் மறைத்தனர். இது வெறுப்பினால் விளைந்த அநீதி.

மற்றையது புகழ்ச்சியினால் விளைந்தது. 1794ஆம் ஆண்டு செர்வாந்தோ தெரேசா தெ மியர் என்னும் துறவி, கெத்சல்கோவாத்தல் என்பவர் உண்மையில் அப்போஸ்தலரான தோமையாரே எனப் பிரசங்கித்தார். அதன் பயனாக நாடுகடத்தவும் பட்டார். அவர் தம் தாய்நாட்டை உயர்த்தவே அங்ஙனம் கூறினார். ஆயினும் அந்நாட்டின் தலைசிறந்த தெய்வக் கற்பனையை, மயிலாப்பூருக்கும் வந்தாரெனக் கூறப்படும் ஓர் அந்நியருக்கே தாரைவார்த்துவிட்டார். தோமையாரின் இடத்தில் மயனை வைப்பின், நாமும் செய்வது அதுவேயன்றோ?

பிறர் எம் கலையை இவ்வாறு நடத்தியபோது நாம் பொறுத்ததுண்டா? பாரதச் சிற்பத்தின் சிறப்பைக் கிரேக்கர் ஈந்த கொடையென மேனாட்டார் சிலர் எழுதியகாலை, அதனை அஞ்சாது மறுத்தவர் இவ்வீழத்திற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. 1621இற் போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலை இடித்த வடு எமது வரலாற்றில் இன்னும் ஆறவில்லை. இடிபடுதலின் துயரையும் உரிமை மறுக்கப்படுதலின் இழிவையும் ஒருங்கே அறிந்தோர், அவற்றைப் பிறர்க்குச் செய்தல் அறமாகாது. நாவாத்தல் மொழியைப் பேசுவோர் 10 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மெக்சிக்கோவில் இன்றும் வாழ்கின்றனர். மாய மொழிகளும் வழக்கொழியவில்லை. உரியவர் உயிரோடிருக்க, அவர்தம் முதுசொத்துக்கு நாம் உறுதி முடித்தல் முறையன்று.

மண்ணில் ஊர்வதற்கு விண்ணிற் பறப்பதன் இறகை அணிவித்த கற்பனை அவர்களுடையது. அதனை அவர்களுடையது என்றே கண்டு வியக்கும் பெருந்தன்மை நம்முடையதாகுக. இம்மலரைப் படிக்கும் இளைஞர், பிறநாட்டுக் கோயிலொன்றின் படத்தைக் காணும்போது, “இது எம்மிடமிருந்து சென்றதா?” என்று கேட்குமுன், “இதனை ஆக்கியோர் என்ன கருதினர்?” என்று கேட்கப் பழகுவாராக. கல்வியின் பயன் அதுவே என யாம் கருதுகின்றோம்.