கண் திறந்து ஜெபிக்கிறவர்களின் கொள்கைப் பிரகடனம்

"கண்களை மூடி ஜெபிப்போம்" என்று குருவானவர் சொன்னதும் ஆலயமே கண் மூடுகிறது. காது கேளாதவர்கள் மட்டும் மூடுவதில்லை. முன்னால் நின்று சைகை செய்கிறவரின் கைகளில்தான் அவர்களுக்கு ஜெபம் இருக்கிறது. கண்ணை மூடினால் அதுவும் போய்விடும். பல சபைகளில் அந்தக் கைகளும் இல்லை. பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுகிறார்கள், முழங்காலிட்டால் முழங்காலிடுகிறார்கள், பாட்டுப் புத்தகத்தில் பிறர் விரல் ஓடும் வரியைப் பார்த்துக்கொண்டு ஆராதனையை முடித்து வீடு திரும்புகிறார்கள். ஞானஸ்நானம் பெற்றவர்கள், காணிக்கை போடுகிறவர்கள், அசனத்தில் நம்மோடு பந்தியில் உட்காருகிறவர்கள். ஆயுளில் ஒரு பிரசங்கம்கூட அவர்களை எட்டியதில்லை. இதை மாற்றுவதற்காக, திருநெல்வேலிச் சீமையின் காது கேளாதோரும் கேட்போரும், பார்வையற்றோரும், சக்கர நாற்காலியில் வருவோரும் ஒன்றுகூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம்.

எங்களுக்கு முன்னோர் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் பாளையங்கோட்டையில் ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் அம்மையார் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அதே ஊரில் பார்வையற்றோருக்கும் மிஷனரிகள் பள்ளி கட்டினார்கள். மேரி சாப்மன் அம்மையார் 1912இல் இலங்கையில் காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் பள்ளி நிறுவினார். யாங்கூனில் ஒரு பள்ளி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. பெற்றவர்களே "இது எதற்கும் ஆகாது" என்று ஒதுக்கிய பிள்ளைகளுக்குச் சிலேட்டும் சோறும் படுக்கையும் கொடுத்தவர்கள் இவர்கள். அந்தக் கடனை நாங்கள் மறக்கவில்லை.

ஆனால் விசுவாசத்தின் பேரால் நடந்த எல்லாமே நன்மையில் முடிந்ததில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

சுமார் 1760இல் பாரிஸ் நகரில் அபே டி லெப்பே என்ற பாதிரியார், காது கேளாத இரண்டு சகோதரிகளுக்கு வேதம் கற்பிக்க முனைந்தார். ஏழைப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே சேர்த்துக் காசு வாங்காமல் கற்பித்தார். அவர் செய்த பெரிய காரியம் பள்ளி கட்டியது அல்ல என்பது எங்கள் துணிபு. பாரிஸின் காது கேளாதோர் தங்களுக்குள் ஏற்கெனவே பேசிவந்த சைகைகளை அவர்களிடமே கற்றார். குரு மாணவரானார். அந்தச் சைகைகள் 1817இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு பள்ளி வரைக்கும் போய்ச் சேர்ந்தன.

1880இல் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்கான மாநாடு கூடியது. அதற்குத் தலைமை வகித்த ஜூலியோ தாராவும் ஒரு பாதிரியார்தான். ஏழைக் காது கேளாத பிள்ளைகளுக்காக உழைத்தவர்தான். வந்திருந்த 164 பேரில் காது கேளாதவர் ஒரே ஒருவர். சைகை வேண்டாம், வாய்ப்பேச்சே போதும் என்று மாநாடு தீர்மானித்தது. அதன்பின் நாடு நாடாக வகுப்பறைகளில் பிள்ளைகளின் கைகள் கட்டுப்படுத்தப்பட்டன. காது கேளாத ஆசிரியர்கள் வேலை இழந்தார்கள். அந்தத் தீர்மானத்துக்காக வருத்தம் தெரிவிக்க 130 ஆண்டுகள் பிடித்தன. 2010இல் வான்கூவரில்தான் அது நடந்தது.

லெப்பேயும் பாதிரியார், தாராவும் பாதிரியார். இருவரிடமும் அன்பு இருந்தது. ஒருவர் காது கேளாதவரிடம் போய்க் கற்றார். மற்றவர் அவர்களைக் கேட்காமலே அவர்களுக்கு நல்லது எது என்று முடிவு செய்தார். எங்கள் இயக்கம் இந்த இடத்தில்தான் பிறக்கிறது.

மூன்றாவதாக ஒருவரை எங்கள் பிள்ளைகள் அறிய வேண்டும். ஆண்ட்ரூ ஃபாஸ்டர். அமெரிக்காவின் அலபாமாவில் கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். 11 வயதில் மூளைக்காய்ச்சல் கண்டு செவித்திறன் போயிற்று. காது கேளாதோருக்கான காலடெட் கல்லூரியில் 1954இல் பட்டம் பெற்றார். 1957இல் கானாவின் அக்ராவுக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார். 1987இல் ருவாண்டாவில் விமான விபத்தில் இறப்பதற்குள் 13 ஆப்பிரிக்க நாடுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளை நிறுவியிருந்தார். காது கேளாதவர்களையே ஆசிரியர்களாகவும் ஊழியர்களாகவும் பயிற்றுவித்தார். அவர் கொண்டுபோன அமெரிக்கச் சைகை பல இடங்களில் உள்ளூர்ச் சைகைகளைப் பின்தள்ளியது உண்மை. அதிலிருந்தும் பாடம் கற்கிறோம். ஆனால் காது கேளாத ஒருவர் பிறர் கையை எதிர்பார்த்து நிற்காமல், தாமே கொடுக்கிறவராய் ஒரு கண்டம் முழுவதும் நடந்தார். எங்கள் வழியும் அதுவே.

ஆகவே அறிவிக்கிறோம். சைகை எங்கள் தாய்மொழி. ஆராதனையில் அது சலுகையாக அல்ல, உரிமையாக இருக்கும். சைகை செய்கிறவர் ஜன்னலுக்கு எதிரே நின்றால் வெளிச்சத்தில் கைகள் இருண்டுவிடும். அவர் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் பார்க்கிறவர்களே சொல்வார்கள். நம் ஊர்ப் பெரியவர்களின் பழைய சைகைகளைப் படம்பிடித்துக் காப்போம். இந்த இயக்கத்தின் தலைமையிலும் நிர்வாகக் குழுவிலும் காது கேளாதோரும் மாற்றுத்திறனாளிகளும் பாதிக்குக் குறையமாட்டார்கள்; அவர்கள் இல்லாத கூட்டத்தில் எடுத்த முடிவு எங்களைக் கட்டுப்படுத்தாது. கல்யாணமோ மருத்துவமோ வங்கிக் கணக்கோ, அண்ணன் பேசிவிட்டான், மாமா கையெழுத்துப் போட்டுவிட்டார் என்ற பழக்கத்தை ஏற்கமாட்டோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைத் தகவல்தொடர்பு முறையாக ஏற்றிருக்கிறது. நாடு ஏற்றதைச் சபை ஏற்க ஏன் தயங்க வேண்டும்? பலிபீடத்துக்குப் போகும் படிகளின் அருகே சாய்தளம் கட்டும் செலவு, கொடிமரத்துக்குப் பித்தளை பூசும் செலவுக்கு முன்னால் வர வேண்டும். எங்கள் உதவி மதம் பார்க்காது. கோயிலுக்குப் போகும் காது கேளாதவரும் பள்ளிவாசலுக்குப் போகிறவரும் எங்கள் சொந்தங்களே.

பெற்றோரே, உங்கள் பிள்ளையின் சைகையை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து கற்றுத்தருகிறோம். குருமார்களே, சபை மூப்பர்களே, இந்த வாரமே உங்கள் சபையின் வாக்காளர் பட்டியலை எடுத்துப் பாருங்கள். உங்கள் சபையின் காது கேளாதோர் பெயர்கள் அதில் இல்லையென்றால் சேருங்கள்.