கிளாஸ் வேணுமா, சுதந்திரம் வேணுமா?

தலைப்பைப் பார்த்ததும் கிளாஸ் கட் அடிப்பதைப் பற்றி எழுதியிருக்கிறேன் என்று ஆவலோடு வந்திருப்பீர்கள். மன்னிக்கவும், இது வீடியோ கேமில் வரும் கிளாஸ்!

ரோல்-பிளேயிங் கேம் ஆடுகிறவர்களிடம் ஓயாத சண்டை இது. வீரன், மந்திரவாதி என்று ஆரம்பத்திலேயே ஒன்றை எடுத்துக் கடைசி வரை அதிலேயே போகணும் என்பது ஒரு கட்சி. வேலியே வேண்டாம், எதையும் கற்றுக்கொள்ள விடு என்பது இன்னொரு கட்சி.

சுதந்திரக் கட்சியின் கொடி 2011-ல் வந்த ஸ்கைரிம். கிளாஸே கிடையாது. 18 திறமைகள், எதைச் செய்கிறோமோ அது வளரும். வாள் வீசினால் வாள், பூட்டை நோண்டினால் பூட்டு. கேட்க நல்லாத்தான் இருக்கு. நடப்பதென்ன? எப்படி ஆரம்பித்தாலும் கடைசியில் இருட்டில் பதுங்கி அம்பு விடுகிற ஆளாகத்தான் முடிகிறோம் என்பது, ஆடியவர்கள் தங்களைப் பற்றியே சொல்லிச் சிரிக்கும் கேலி. மந்திரம் அரைகுறையாகத் தெரிந்தவன்கூட அங்கே மந்திரக் கல்லூரிக்குத் தலைவனாகிவிடலாம். அரியர் வைத்தவனைப் பிரின்சிபால் ஆக்குவது போல!

2000-ல் வந்த டயாப்லோ 2 நேர் எதிர். நெக்ரோமான்சர் எலும்புக்கூடுகளை எழுப்பி முன்னால் அனுப்பிவிட்டுப் பின்னால் நிற்பான். பார்பேரியன் தானே போய் மோதணும். கதை ஒன்று, ஆட்டம் இரண்டு. வேலி போட்டதால் வந்த சுவை இது. அதனால் நான் கிளாஸ் கட்சி.

ஆனால் அதிலும் ஒரு கொடுமை இருந்தது. ஒவ்வொரு லெவலுக்கும் கிடைக்கும் புள்ளிகளை ஓரிடத்தில் போட்டுவிட்டால் போட்டதுதான். ஆட்டமே புரியாத முதல் மணி நேரத்தில் போட்ட புள்ளி, கடைசிக் கட்டத்தில் கழுத்தைப் பிடிக்கும். திருத்த வழி வந்தது 2010-ல், 1.13 பேட்சில். பத்து வருஷம்!

நாமும் அப்படித்தானே அட்மிஷன் பாரத்தில் பிரிவைக் குறித்தோம்? என் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் படித்ததில்லை. மெக்கானிக்கல் என்றால் என்ன, சிவில் என்றால் என்ன என்று கேட்க ஆளில்லை. வரிசையில் நின்ற ஒரு அண்ணன் சொன்னதை எழுதினேன். பிடித்துப்போனது என் அதிர்ஷ்டம். பிடிக்காமல் மூணு வருஷம் ஓட்டுகிறவனை உங்களுக்கும் தெரியும்.

2022-ல் வந்த எல்டன் ரிங் இதை நன்றாக யோசித்திருக்கிறது. பத்து கிளாஸ் உண்டு, ஆனால் அது ஆரம்பத்துக்கு மட்டும். சாமுராயாக வந்தவன் மந்திரமும் படிக்கலாம். ஒரு கட்டம் தாண்டினால் புள்ளிகளை எடுத்து மறுபடி பங்கிடலாம். சும்மா இல்லை, ஒவ்வொரு தடவையும் தேடி அலைந்து கண்டுபிடித்த ஒரு அரிய பொருளைக் கொடுக்கணும். அந்த விலையைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.