கல்மண்டபத்துக்கு யார் கோட் எழுதினார்கள்?

சாஃப்ட்வேர்க்காரர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் இப்போது சுலபமாகச் சிரிப்பை வரவழைக்க ஒரு வழி இருக்கிறது. கோடிங் தெரியாத யாரோ ஏஐயிடம் பேசியே வலைத்தளம் செய்துவிட்டார் என்று சொன்னால் போதும். 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கர்பாத்தி இதற்கு ‘வைப் கோடிங்’ என்று பெயர் வைத்ததிலிருந்து இந்தச் சிரிப்பு ஓயவில்லை. அதே தொழிலில் இருந்துகொண்டு சொல்கிறேன்: இதில் பாதி பயம், பாதி திமிர்.

கல்மண்டபத்துக்கு நாம் என்ன எழுதிக் கொடுத்தோம்? 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. அதற்குப் பிறகு சென்னையின் சாஃப்ட்வேர் தெற்கே சிறுசேரி வரை நீண்டது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கன்டெய்னர் லாரியும் அனல்மின் சாம்பலும்தான். நாம் அமெரிக்க வங்கிக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுதிக்கொண்டிருந்தோம். காசிமேட்டில் ஒரு விசைப்படகு போய் வந்தால் டீசல், ஐஸ், பங்கு என்று ஒரு கணக்கு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் கைமாத்துக் கணக்கு வேறு. ஏரியாவில் கேரம் கிளப்புகளும் டோர்னமென்ட்டுகளும் உண்டு. இதற்கெல்லாம் ஒரு பக்கம் செய்துதர எந்தக் கம்பெனி வரும்? வந்தாலும் அந்த ரேட் கட்டுப்படியாகுமா?

கேரம் கிளப் பையன் ஒருவன், “ஆடுறவங்க பேரு, ரவுண்டு, ஸ்கோர் எல்லாம் தெரியணும்” என்று தமிழிலேயே டைப் செய்கிறான் என்று வையுங்கள். கொஞ்ச நேரத்தில் பக்கம் வந்து நிற்கும். அப்போதுதான் அவனுக்கே கேள்வி வரும்: பதிமூணு பேர் வந்தா யாருக்கு பை கொடுக்கிறது? நம் வேலையின் பாதி இந்தக் கேள்விதானே. அதை அவன் சந்தோஷமாகச் செய்கிறான். நமக்கு என்ன வயிற்றெரிச்சல்?

“உள்ளே என்ன ஓடுதுன்னு அவனுக்குத் தெரியாதே” என்பார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தை முன்னெடுத்த கல்யாணசுந்தரம், சுவிட்சர்லாந்தில் வேலை பார்த்த வேதியியல் ஆய்வாளர். ‘மயிலை’ எழுத்துருவும் அவர் செய்ததுதான். நாம் இன்று சங்க இலக்கியத்தைப் போனில் படிப்பதில் அவருக்கும், கூட உட்கார்ந்து தட்டச்சு செய்த தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு. அவர் கற்றுக்கொண்டு செய்தார், உண்மைதான். ஆனால் கற்கும் ஆசை பெரும்பாலும் எதையாவது செய்து பார்த்த பிறகுதான் வருகிறது.

ஆபத்து இல்லாமல் இல்லை. 2025 ஜூலையில் ரெப்ளிட்டின் ஏஐ, எதையும் மாற்றாதே என்று சொன்ன பிறகும் ஒருவரின் லைவ் டேட்டாபேஸை அழித்தது. ஸ்கோர் தப்பானால் ஒரு சண்டை, ஒரு டீ, அதோடு முடிந்தது. ஆதார் நம்பர், சீட்டுப் பணம், அடுத்தவர் விவரம் என்று வரும்போது விஷயம் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். அந்த ஆள் நாம்தான். நாம் கிண்டல் செய்வதால் அந்தப் பையன் செய்வதை நிறுத்தப்போவதில்லை, நம்மிடம் கேட்பதைத்தான் நிறுத்துவான். பாஸ்வேர்டை எங்கே வைத்திருக்கிறாய் என்று அவனிடம் கேட்க அப்போது யாரும் இருக்கமாட்டார்கள்.