அல்புமினைச் சொல்லாத அளவு

ஐக்கிய அமெரிக்காவின் உணவு, மருந்து நிருவாகம் 2025 ஏப்பிரல் 10 ஆம் திகதி வெளியிட்ட அறிவிப்பு, மொனோகுளோனல் பிறபொருளெதிரி மருந்துகளிலிருந்து தொடங்கி, விலங்குப் பரிசோதனையைப் படிப்படியாகக் குறைத்து, அதன் ஸ்தானத்தில் மனிதக் கலவளர்ப்பையும் ஓர்கனொயிட்டுகளையும் கணினி மாதிரிகளையும் வைக்கப்போவதாகக் கூறுகிறது. 1938 ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்த விலங்குப் பரிசோதனை நிர்ப்பந்தத்தை 2022 டிசெம்பர் 29 அன்று கையொப்பமான திருத்தம் தளர்த்தியபோதே இது வருமென்று எதிர்பார்த்தவர்கள் நம்மிற் பலர். விலங்குகளைப் பற்றி 1907 ஆம் ஆண்டின் கொடுமைத் தடுப்புக் கட்டளைச் சட்டத்தையே இன்னும் பிரதானமாக நம்பியிருக்கும் இலங்கையில், அதிலும் மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு, இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல நமக்கென்ன அவசியம் என்று கேட்கலாம். நம்முடைய கட்டுரைகளை எடைபோடும் தராசு அங்கேதான் செய்யப்படுகிறது என்பதே அதற்குரிய விடை.

அறிவிப்பை இவ்விதழ் வரவேற்கிறது. ஆனால், ஓர் எலியின் உடலிலே கொழுப்பமிலத்தைச் சுமந்து திரியும் அல்புமினை அவ்வெலியின் ஈரலே அளந்து கொடுத்துவிடுகிறது; குடுவையிலோ அதை அளந்து இடுவது ஆய்வாளனின் கை. சாட்சி விலங்கிலிருந்து குடுவைக்கு மாறும்போது, அந்தக் கை செய்த காரியமும் சாட்சியத்தின் ஓர் அங்கமாகிவிடுகிறது என்பதை அறிவிப்பை எழுதியவர்களோ, அதைப் பாராட்டியவர்களோ போதிய சிரத்தையுடன் சிந்தித்ததாகத் தெரியவில்லை.

நமக்கு வரும் கொழுப்பமிலக் கட்டுரைகளில் மிகப் பெரும்பாலானவை, '500 மைக்ரோமூலர் பல்மிற்றேற்று, 24 மணித்தியாலம்' என்று எழுதி நிறுத்திக்கொள்கின்றன. உலையின் அளவைச் சொல்லாமல் உப்பின் அளவை மட்டும் சொல்வது போன்றது இது. அதே 500 மைக்ரோமூலரை நூற்றுக்கு 1 பங்கு அல்புமினில் இட்டால், அல்புமின் ஏறத்தாழ 0.15 மில்லிமூலர் ஆகையால், மூல் விகிதம் 3.3:1, அரைப் பங்கு அல்புமினில் இட்டால் 6.7:1. பிணைப்புறாத கொழுப்பமிலத்தின் செறிவு நனோமூலர் அளவில் நிற்பது; விகிதம் 3 ஐத் தாண்டியபின் அது நேர்கோட்டில் ஏறுவதில்லை, செங்குத்தாக எழுகிறது. உண்ணாதிருக்கும் ஆரோக்கியமான மனிதனின் குருதியில் அல்புமின் 0.6 மில்லிமூலர் அளவிலும், கொழுப்பமிலம் பொதுவாக அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கையில், 6.7:1 இல் இறந்துபோன ஈரற்கலங்கள் பல்மிற்றேற்றினால் இறந்தனவா, அல்புமின் பஞ்சத்தினால் இறந்தனவா என்பதை அக்கட்டுரையைக் கொண்டு எவரும் நிச்சயிக்க முடியாது. 10 சதவீத முதிர்கருச் சீரம் சேர்த்தவர்கள், அச்சீரம் தன் பங்குக்கு 0.03 மில்லிமூலருக்குச் சற்று மேலாக அல்புமினைக் கொண்டுவருவதையும் கணக்கிலெடுப்பதில்லை.

தயாரிப்பிலேயே நேரும் இழப்பை நாம் எல்லாரும் கண்ணாற் கண்டிருக்கிறோம். 70 பாகையில் சோடியம் ஐதரொட்சைட்டில் கண்ணாடிபோல் தெளிந்து நிற்கும் பல்மிற்றேற்று, 37 பாகைக்குக் கொண்டுவரப்படாத அல்புமினைத் தொட்ட கணத்திலேயே வெள்ளை இழைகளாகத் திரிந்து குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. அவசரக்காரர் அதைக் குலுக்கி, 0.22 மைக்ரோமீற்றர் வடிகட்டியில் விட்டு, வடிந்து வந்த தெளிந்த நீரின்மேல் பழைய எண்ணையே எழுதி ஒட்டுகிறார். 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்ட காலத்தில், நீர்த்தொட்டி இடைநடுவிற் குளிர்ந்துபோன ஆய்வுகூடங்களில் எத்தனை புட்டிகள் இவ்விதம் பெயர் மாத்திரம் சுமந்தனவோ! வடிகட்டியபின் செறிவை அளந்து எழுதியவரே உண்மையிற் கொழுப்பமிலத்தைக் கொடுத்தவர். மற்றவர் கொடுத்ததாக நம்பியவர்.

அல்புமினின் தரமும் அற்ப விஷயமன்று. நிரம்பிய கொழுப்பமிலங்கள் டி.எல்.ஆர். 4 ஏற்பியைத் தூண்டி அழற்சியை உண்டாக்குகின்றன என்ற கருத்து பிரபலமாகியிருந்த வேளையில், 2009 இல் எரிட்ஜும் சமானியும் அவை அவ்வேற்பியை நேரடியாகத் தூண்டுவதில்லை என்றும், தூண்டியது அல்புமினோடு வந்த மாசாக இருக்கக்கூடும் என்றும் காட்டினார்கள். ஒரு துறையின் வாதப்பிரதிவாதம் முழுவதும் புட்டியின் அடியிற் கிடந்த எண்டொடொக்சினைச் சுற்றி நடந்திருக்கலாம் என்றால், கட்டுப்பாட்டுக் குடுவைக்கும் அதே தொகுதி அல்புமின், அதே கரைப்பான் இடப்பட்டதா என்று கேட்பது பிடிவாதமாகாது. (இன்னொன்றையும் இங்கே சொல்லிவைக்கலாம். பல்மிற்றேற்றைக் கொண்டு கண்டதை 'நிரம்பிய கொழுப்பு' என்று பொதுமைப்படுத்தி நம்மூர்ச் சமையலுக்குப் பிரயோகிக்கும் அன்பர்கள், தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலமென்பதையும், பல்மிற்றிக் பத்திலொரு பங்கைக்கூட எட்டுவதில்லை என்பதையும் நினைவிற் கொள்வார்களாக.)

இவ்வளவு நுட்பமான இவ்விஷயத்தில் அதிகாரபீடங்கள் காட்டும் அக்கறை யாது? ஓர் எலியைத் தொடுவதற்கு முன் கூட்டின் நீள அகலம், தீனி, கொல்லும் முறை அனைத்தையும் பத்திபத்தியாக எழுதி வாங்கும் ஒழுக்கநெறிக் குழுக்கள், குடுவையைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. நிதி வழங்குவோர் கலங்களின் விலையைக் கேட்கிறார்கள். அல்புமினின் தரத்தைக் கேட்பதில்லை. கேட்கும் ஒரே இடம் இறக்குமதி மேசை; அங்கோ கேட்பது வேறு. கொழுப்பமிலம் நீக்கிய மாட்டு அல்புமின் ஒரு சிறு புட்டியைத் தருவிக்க முயன்ற நமது பிரதேச ஆய்வுகூடம் ஒன்றிடம், தலைநகரத்து அலுவலகம் ஒன்று, அது மனிதர் உண்பதற்கா, கால்நடைத் தீனிக்கா என்று கேட்டு, இரண்டுமல்ல என்ற பதிலுக்குப் படிவத்தில் இடமில்லையாதலால் திருப்பியனுப்பியது. அப்படிவமும் தமிழில் இல்லை; தமிழும் அரசகரும மொழியென்று 13 ஆவது திருத்தம் சொன்ன 1987 ஐ அவ்வலுவலகத்துக்கு எவரும் ஞாபகப்படுத்தவில்லை போலும். அனுமதி கிடைத்தபின்னும், அதே பொதியிலிருந்த சீரம் கட்டுநாயக்காவிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீற்றர் பயணம் செய்து, பனிக்கட்டி முழுவதும் உருகிய பெட்டியில், கல்லடிப் பாலத்தைக் கடந்து வந்து சேர்ந்தது. கொழும்பில் இருப்பவர் ஒரு மத்தியானத்தில் முடித்துக்கொள்ளும் காரியத்துக்கு மட்டக்களப்பார் ஒரு பருவத்தைச் செலவழிக்க வேண்டியிருப்பதும், பின்பு நம் பெறுபேறுகள் 'மீளப் பெறத்தக்கனவல்ல' என்று அங்கிருந்தே நமக்கு உபதேசம் வருவதும் நியாயந்தானா என்று அதிகாரிகளையே கேட்கிறோம்.

இந்நெருக்கடியினாலேயே சிலர் சாதாரண ஐந்தாம் பின்ன அல்புமினை வாங்கி, சென் 1967 இல் விவரித்தபடி, அமிலப்படுத்திய குளிர்ந்த கரைசலில் கரித்தூளிட்டுக் கொழுப்பமிலத்தை அகற்றிக்கொள்கிறார்கள். அது இழிவான வழியென்று நாம் கருதவில்லை; செய்ததைச் செய்தபடி எழுதினாற் போதும்.

ஆகவே அடுத்த இதழிலிருந்து, கொழுப்பமிலம் இட்ட எந்தக் கலவளர்ப்புக் கட்டுரையும், அல்புமினின் தரம், தொகுதி எண், மூல் விகிதம், சீரத்தின் அளவு, கரைப்பான், கட்டுப்பாட்டுக் குடுவைக்கு இட்டது ஆகியவற்றைக் கூறாவிடில், மதிப்பீட்டாளருக்கு அனுப்பப்படமாட்டாது. வடிகட்டியபின் செறிவை அளக்க வசதியற்றவர்கள், அளக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால் அதை ஏற்போம், மௌனத்தை ஏற்கமாட்டோம். ஏற்கெனவே கட்டுரை அனுப்பியிருப்போர் இவ்விவரங்களைத் தனித்தாளில் எழுதிச் சேர்க்கலாம்.