பெயருக்கு யார் உரியவர்?

சக இதழொன்றில் வந்திருக்கும் கட்டுரை, பிங்க் ஃபிளாய்ட் என்ற ராக் இசைக்குழு 1983இல் ‘தி ஃபைனல் கட்’ தொகுப்போடு முடிந்துவிட்டது என்கிறது. ரோஜர் வாட்டர்ஸ் விலகிய பின் 1987இல் வந்த ‘எ மொமென்டரி லாப்ஸ் ஆஃப் ரீசன்’ போலியாம். வரிகளை எழுதியவர் போனபின் மற்றவர்களுக்கு அந்தப் பெயரில் பாத்தியதை இல்லையாம். படைப்புக்கு அதை எழுதியவர் அதிகாரி அல்லர் என்று, ‘ஆசிரியனின் மரண’த்தை இத்தனை காலம் நமக்குப் போதித்த முகாமிலிருந்தே இந்த வாதம் வருவதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அந்தக் குழுவின் முதல் தொகுப்பில் பெரும்பாலான பாடல்களை எழுதியவர் சிட் பாரெட். 1968இல், இரண்டாம் தொகுப்பு வெளிவரும் முன்பே அவர் குழுவில் இல்லை. கட்டுரையாளரின் தர்க்கப்படி பெயர் அன்றே செத்திருக்க வேண்டும். அதன்பின் வாட்டர்ஸ் வரிகள் எழுதிய ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ தொகுப்புக்கும் அந்தப் பெயரில் பாத்தியதை இருக்க முடியாது. பெயரைத் தடுக்க 1986இல் நீதிமன்றம் போன வாட்டர்ஸே அது தவறு என்று பின்னாளில் சொல்லிவிட்டார்.

1987 தொகுப்பு பலவீனமானதுதான். ஆனால் காரணம் வேறு. நிக் மேசன் வாசிக்க வேண்டிய தாளத்தில் பெரும்பகுதியை வெளியாட்களும் இயந்திரமும் வாசித்தார்கள். ‘தி வால்’ காலத்தில் வாட்டர்ஸின் பிடிவாதத்தால் வெளியேற்றப்பட்ட ரிச்சர்ட் ரைட், தாமதமாக, சம்பளக்காரராகத் திரும்பினார். மேசன் புதிதாக வாசித்த தாளத்தையும் ரைட்டின் கீபோர்டையும் சேர்த்து 2019இல் வெளியான மறுகலவையைக் கேளுங்கள்: அதே பாடல்கள் மூச்சுவிடுகின்றன. அதிலும் வாட்டர்ஸ் இல்லை.

ரைட்! ‘எக்கோஸ்’ தொடங்கும் அந்த ஒற்றைப் பியானோ ஸ்வரம், லெஸ்லி ஒலிபெருக்கி வழியே நீருக்கடியிலிருந்து எழுவதுபோல் வருகிறது. நகலெடுத்துத் தேய்ந்த கேசட்டிலும் அது எங்களை உலுக்கியது. அதை எந்த வரியோடு ஒப்பிடுவது?

‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’யில் சொல்லே இல்லாமல் பாடிய கிளேர் டோரி 1973இல் பெற்றது 30 பவுண்டு. 2004இல் வழக்குப் போட்டு, 2005இல் ஏற்பட்ட உடன்பாட்டுக்குப் பிறகே பாடலை ஆக்கியவராக ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்தது.

நம் விமர்சனத்துக்குக் கண் உண்டு, காது இல்லை. வரி இருந்தால் எழுதுகிறோம். திரைப்பாடலிலும் இதே கதைதான். பதிவரங்கில் வயலின் வரிசையில் அமர்ந்தவர்களின் பெயர்கள் பெரும்பாலான இசைத்தட்டு உறைகளில் இல்லை. அவர்களைத் தேடிப்போய் எழுதிய கட்டுரை ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை. வந்தால் பக்கக் கணக்குப் பார்க்காமல் வெளியிடுவோம்.