கூற்று யாருடையது?

சீறாப்புராணத்தில் அபூஜஹில் பேசும் பழிச்சொற்களை எடுத்து, "இவை உமறுப் புலவரின் கொள்கை" என்று ஒருவர் துண்டுப் பிரசுரம் அச்சிட்டு வீடுதோறும் வழங்கினால் நாம் என்ன செய்வோம்? சிரிப்போம், அல்லது சினப்போம். ஆனால் 1934ஆம் ஆண்டு, கல்வியிற் சிறந்த நாடெனப் பெயர் பெற்ற அமெரிக்காவில், இதையொத்த செயலே தேர்தல் விளம்பரமாக அரங்கேறியது.

நம் நாட்டு ஆளுநரைப்போல் நியமனம் பெறுபவர் அல்லர் அமெரிக்க மாநில ஆளுநர். மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஆட்சித் தலைவர். கலிபோர்னியாவில் அவ்வாண்டு ஜனநாயகக் கட்சியின் சார்பில் அப்பதவிக்கு நின்றவர் அப்டன் சிங்க்ளேர். சிகாகோ இறைச்சிக்கூடங்களின் கொடுமையை 1906இல் 'தி ஜங்கிள்' என்னும் நாவலால் உலகறியச் செய்தவர். மூடிக்கிடந்த ஆலைகளிலும் தரிசு நிலங்களிலும் வேலையற்றோர் தம் தேவைக்குத் தாமே உற்பத்தி செய்துகொள்ள அரசு வழிசெய்யும் என்பது அவர் திட்டம். பணம் எங்கிருந்து வரும், இது நடைமுறைக்கு ஒத்துவருமா என்று எதிரணியினர் எவ்வளவு கடுமையாகக் கேட்டிருந்தாலும் நாம் குறைகூறோம்.

அவர்கள் தேர்ந்த வழி வேறு. கிளெம் விட்டேக்கர், லியோன் பாக்ஸ்டர் என்னும் இருவரின் பிரசார நிறுவனம் சிங்க்ளேரின் நூல்களைக் குடைந்து வாக்கியங்களைப் பொறுக்கியது. 'லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ்' நாளிதழ் அத்தகைய வாக்கியங்களை முதற்பக்கத்தில் நாள்தோறும் கட்டங்கட்டி வெளியிட்டது. திருமணத்தின் புனிதத்தில் தமக்கிருந்த நம்பிக்கை போய்விட்டதாக ஒரு வரி! 1911இல் அவர் எழுதிய நாவலில், தன் மனைவியோடு தொடர்புகொண்டவனுக்கு மனமுடைந்த கணவன் ஒருவன் வரையும் மடலில் உள்ள சொல் அது. கணவனின் கண்ணீரைத் துடைத்தெறிந்துவிட்டு, அச்சொல்லின் தலையில் ஆசிரியரின் பெயரைச் சூட்டினார்கள்.

நிழற்படமும் பொய் சொன்னது. நாடோடிகள் சரக்கு ரயிலில் மொய்த்து வருவதாக ஒரு நாளேடு வெளியிட்ட படம், 'வைல்டு பாய்ஸ் ஆஃப் தி ரோடு' என்ற 1933ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் காட்சி! (தாம் வென்றால் நாட்டின் வேலையற்றோரில் பாதிப்பேர் கலிபோர்னியாவுக்கு ரயிலேறிவிடுவர் என்று பேசி, இதற்குப் பிடி கொடுத்தவர் சிங்க்ளேரே. எழுதுவோர் சிலருக்கு நாவடக்கம் குறைவு.)

"பொய்யினால்தானா தோற்றார்?" என வினவுவார் உளர். அதிபர் ரூஸ்வெல்ட் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மூன்றாவதாக நின்ற ரேமண்ட் ஹைட் 3 லட்சம் வாக்குகளைக் கொண்டுபோனார். குடியரசுக் கட்சியின் ஃபிராங்க் மெரியம் 11 லட்சத்துக்கு மேல் பெற, சிங்க்ளேருக்குக் கிடைத்தவை ஏறத்தாழ 8 லட்சத்து 80 ஆயிரம். நேர்மையான போட்டியிலும் அவர் தோற்றிருக்கலாம், மறுக்கவில்லை. தோற்றவரைவிட வாக்களித்தவரின் நிலையே நம்மை வருத்துகிறது. கதையில் வரும் ஒருவனை மனத்தில் நிறுத்தி, உயிரோடிருக்கும் மனிதருக்குத் தீர்ப்பெழுதும்படி அவர் ஏவப்பட்டார். அறிவிப்பாளர் வரிசையை ஆராயாமல் ஒரு செய்தியையும் ஏற்கலாகாது என்று மதரஸாவில் பயின்ற நமக்கு, இது வெறும் தேர்தல் தந்திரமாகத் தோன்றவில்லை. சாட்சியத்தைத் திரித்த குற்றமாகவே தோன்றுகிறது.

அம்மேற்கோள்கள் பொருத்தமற்றவைதாம் என்று பாக்ஸ்டர் அம்மையாரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்; சிங்க்ளேர் ஆளுநராகாமல் தடுப்பதொன்றே குறிக்கோளாம்! அவர்களுக்குத் தொழில் செழித்தது. 1942இல் ஏர்ல் வாரன் ஆளுநராவதற்கு உழைத்த அந்நிறுவனமே, 1945இல் அவர் கொணர்ந்த மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வீழ்த்த, மருத்துவர் சங்கத்திடம் கூலி பெற்றது.